பரணிலிருந்து இறங்கிய பழைய ஆர்ச்டாப் கிட்டார்: பணம் போடும் முன் எங்கே பார்க்க வேண்டும்?

"சார், இது நாற்பதுகளில் செய்த கிப்சனாம். சரி பண்ணினா எவ்வளவு போகும்?" ஒரே ஒரு போட்டோவோடு வாட்ஸ்அப்பில் வரும் இந்தக் கேள்விக்கு நான் விலை சொல்வதில்லை. போட்டோவில் எப்போதும் பளபளக்கும் முன்பக்கம்தான் இருக்கும். எனக்கு வேண்டியது உள்பக்கமும் கழுத்தும்.

ஆர்ச்டாப் என்றால் மேல்பலகை தட்டையாக இல்லாமல் நடுவில் புடைத்திருக்கும் கிட்டார். வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் உள்ளது போல இரண்டு எஃப் துளைகள். கிப்சன் கம்பெனி 1922இல் எல்-5 மாடலில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. டிரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவே காதில் விழும் கிட்டார் என்பதால் ஜாஸ் குழுக்கள் இதைப் பிடித்துக்கொண்டன. 1930களில் மற்ற கம்பெனிகளும் வரிசையாக இறங்கின. சிகாகோவில் ஹார்மனி, கே போன்ற தொழிற்சாலைகள் மலிவு விலையில் ஏராளமாகச் செய்து தள்ளின. அவற்றில் பல, தபாலில் பொருள் விற்ற அமெரிக்கக் கடையான சியர்ஸின் விலைப்பட்டியலில் சில்வர்டோன் போன்ற பெயர்களில் விற்றவை. ஆகவே தலைப்பலகையில் இருப்பது விற்ற கடை வைத்த பெயராகவும் இருக்கலாம். இன்று அமெரிக்க உறவினர் வழியாக நம் ஊருக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் இந்த ரகம்தான்.

எனவே பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எஃப் துளையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகை அப்படியே விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் அது ஒரே மரம். விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு ஓடினால் ப்ளைவுட். ஒரே மரம் என்றாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். செதுக்கி எடுத்த பலகை நடுவில் கனத்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். சூட்டில் அழுத்தி வளைத்த மலிவு ரகம் எங்கும் ஒரே கனம். பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டால் நிறையத் தெரியும். பின்பலகையில் அழகாக மின்னும் மேப்பிள் வரிகள் சில ஹார்மனி கிட்டார்களில் வெறும் பெயின்ட். உள்ளே பார்த்தால் ஒரு வரியும் இருக்காது, சாதாரண பிர்ச் மரம்.

கண்ணாடி உள்ளே இருக்கும்போதே முத்திரையையும் தேடுங்கள். ஹார்மனியில் எஃப் அல்லது எஸ் எழுத்தும் அடுத்து இரண்டு இலக்கமும் இருந்தால், அந்த இலக்கம்தான் ஆண்டு: 52 என்றால் 1952. கிப்சனின் உயர்ரக ஆர்ச்டாப்களில் 1947 முதல் 1961 வரை லேபிளில் ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். கலாமாசூ என்று மட்டும் எழுதியிருந்தால் 'ஏதோ லோக்கல்' என்று தள்ளிவிடாதீர்கள். அது கிப்சன் இருந்த ஊர்; 1930களில் அதே தொழிற்சாலையில் செய்த மலிவுப் பெயர்.

இனி கழுத்து. செலவைத் தீர்மானிப்பது இதுதான். முதலில் கழுத்து வில்லாக வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவு ரகங்களில், முடுக்கினால் கழுத்தை நிமிர்த்தும் உள்கம்பியான ட்ரஸ் ராட் பெரும்பாலும் இருக்காது. தலையில் 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். உள்ளே அசையாத ஒரு இரும்புப் பட்டைதான். கழுத்து நேராக இருந்தால், மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் இரு பக்கமும் உள்ள திருகுச் சக்கரங்களைக் கடைசிவரை இறக்குங்கள். பிறகு கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் மேல் நீளமான ஸ்டீல் ஸ்கேலை வைத்து பிரிட்ஜ் பக்கம் நீட்டுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் உச்சியைத் தொட்டாலோ அதற்கு மேலே போனாலோ தப்பித்தீர்கள். உச்சிக்குக் கீழே போய் இடித்தால் கழுத்தின் கோணம் போய்விட்டது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே இரண்டு மில்லி இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து மில்லி நிற்கும்; வாசித்தால் விரல் வலிக்கும். இதற்கு மருந்து நெக் ரீசெட்: ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கி, துளை போட்டு, நீராவி விட்டு கழுத்து உடலோடு சேரும் இணைப்பைக் கழற்றி, கழுத்தின் அடிப்பாகத்தை இழைத்து, திரும்ப ஒட்டுவது.

அழுத்தி வளைத்த பலகை கொண்ட ஒரு ஹார்மனிக்கு நெக் ரீசெட் செய்தால், கூலி கிட்டாரின் விற்பனை விலையைத் தாண்டிப் போய்விடுவது சகஜம். விற்கத்தான் என்றால் செய்யாதீர்கள் என்றே சொல்லுவேன். தாத்தா வாசித்தது, வீட்டில் ஒருவர் வாசிக்கப் போகிறார் என்றால் அது வேறு கணக்கு, தாராளமாகச் செய்யலாம். செதுக்கிய பலகை கொண்ட பழைய கிப்சனோ நியூயார்க்கில் செய்த எபிஃபோனோ என்றால் ரீசெட் செலவு நியாயமானதுதான். ஆனால் பாலிஷைத் தொடக் கூடாது. புதிதாக ஸ்ப்ரே அடித்தால் விலையில் பாதி போச்சு என்பது வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கீறலும் வெடிப்பும் இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் நடக்கும் சேதம் இரண்டு. ஒன்று, கம்பிகளை மொத்தமாகக் கழற்றுவது. ஆர்ச்டாப்பில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில் நிற்பது. கழற்றியதும் விழும். 'உடைஞ்சுபோச்சு' என்று பயந்து சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். அதை எடுக்கும்போது பாலிஷும் கூடவே வரும். கழற்றும் முன் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைத்தால் போதும். இன்னொன்று, பெட்டிக்குள்ளேயே நடப்பது. மேல்பலகையில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டு, பழைய கிட்டார்களில் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். அது கெட ஆரம்பித்தால் பெட்டியைத் திறந்ததுமே கற்பூர வாடை அடிக்கும், அருகில் உள்ள ஃப்ரெட்டும், கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸும் பச்சை பூக்கும். அந்தப் புகை அமிலம். பிக்கார்டை அன்றே கழற்றித் தனியாக வையுங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். கம்பிகளை முறுக்கும் பழைய முடுக்கி, திருகாணி எல்லாமே ஒரு கவரில் கிட்டாரோடு இருக்கட்டும்.

சரிசெய்து வெளிநாட்டில் விற்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கழுத்தின் மேல் விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டு என்ன மரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. நம் ஊர் ரோஸ்வுட்டால் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.