பொய்ச் செய்தியை ஆராயும் வேலைக்கு வேலூரிலிருந்து போகலாமா?

காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கல்லூரிகளில் பேசப் போனால், முடிந்ததும் சிலர் ஓரமாக வந்து கேட்பது ஒன்றுதான்: "சார், இந்தத் துறைக்கு வர என்ன கோர்ஸ் படிக்கணும்?" சர்வதேசப் பாதுகாப்பு, பொய்ப் பிரச்சார ஆய்வு என்றாலே வாஷிங்டனும் லண்டனும்தான் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. கோர்ஸ் பற்றி அப்புறம் சொல்கிறேன். வேலை என்னவென்று முதலில் பார்ப்போம்.

2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக ஆடியோவும் வீடியோவும் பழைய வட ஆற்காடு முழுக்கச் சுற்றின. குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று நினைத்த கூட்டம் தாக்கியதில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அந்த ஆண்டு நாடெங்கும் பரவிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்குவார்கள். உடனே திரும்பக் கொண்டுவந்து விட்டு, ஓர் எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

இந்த வீடியோ எங்கே எடுத்தது, எங்கே வெட்டுப்பட்டது என்பதைக் கருவிகளை வைத்துப் பிடித்துவிடலாம். இங்கே ஏன் நம்பினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஊர் தெரிந்தவர் வேண்டும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் தலைப்பாகையில் பசு, பன்றித் தோல் இருக்கிறது, எல்லாரையும் மதம் மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. ஆனால் நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு உண்மை. நிஜமான குறை இருந்த இடத்தில்தான் பேச்சு பற்றிக்கொண்டது. அந்தக் குறையைப் பார்க்காமல் 'இது பொய்' என்று முத்திரை குத்துவதோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வை நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

இதில்தான் நம் பிள்ளைகளின் பலம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். சித்தூர் எல்லைப் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. 2021-இல் வெளியான ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களின்படி, பொய்த் தகவலை இனங்காணும் பணிக்கு ஒதுக்கிய நேரத்தில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கே போனது. நம் மொழிகளில் கேலி எது, மிரட்டல் எது என்று பிரித்துச் சொல்ல ஆள் குறைவு.

பட்டம் கட்டாயமா? இணையத்தில் கிடக்கும் படம், வீடியோக்களை வைத்துப் புலனாய்வு செய்யும் பெல்லிங்கேட் குழுவைத் தொடங்கிய எலியட் ஹிக்கின்ஸ் 2012-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் வீட்டிலிருந்தபடியே சிரியப் போர் வீடியோக்களை ஆராய்ந்து எழுதியவர். ராணுவப் பின்னணி கிடையாது. 2014-இல் கிழக்கு உக்ரைனில் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானத்தை வீழ்த்திய ஏவுகணை வண்டி வந்த வழியை, இணையத்தில் கிடந்த படங்களில் இருந்த கட்டடங்களையும் சாலைகளையும் ஒப்பிட்டே அவர் குழு காட்டியது. 'மூன்றே மாதத்தில் நிபுணர், வேலை உறுதி' என்று பணம் கேட்கும் வகுப்புகளிடம் ஏமாறாதீர்கள். வீடியோவைச் சரிபார்க்க உதவும் இன்விட், இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் கூகுள் எர்த் போன்ற அடிப்படைக் கருவிகள் இலவசம்.

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு: நிலையான வேலையா? இல்லை. 2019-இல் தொடங்கிய, பொய்த் தகவல் பரவலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக இணைய ஆய்வகம் 2024-இல் பெருமளவு சுருங்கியது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் இதே வேலைக்கான பிரிவு அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. 2025 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, அமெரிக்காவில் செய்தி சரிபார்ப்பு நிறுவனங்களோடு வைத்திருந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. அதனால் புள்ளியியல், சட்டம், இதழியல், பொதுச் சுகாதாரம், கணினி என ஏதாவது ஒன்றில் கால் ஊன்றிவிட்டு வாருங்கள். செய்தி நிறுவனம், சமூக ஊடக நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவு, சைபர் குற்றப் புலனாய்வு என்று மாறிக்கொள்ள அது உதவும்.

இன்னொன்று, மனசு. கொலை வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். சத்தத்தை அணைத்து, திரையைச் சிறிதாக்கி, கறுப்பு வெள்ளையில் பாருங்கள். தூங்கப் போகும் முன் வேண்டவே வேண்டாம்.

சரி, கோர்ஸுக்கு முன் இதைச் செய்யுங்கள். குடும்ப குரூப்பில் வந்த ஒரு ஃபார்வர்டை எடுத்து, யாருக்கும் மறுபடி அனுப்பாமல், அதன் மூலம் எது, எங்கே திரிந்தது, யார் ஏன் நம்பினார்கள் என்று சான்றோடு இரண்டு பக்கம் எழுதுங்கள். வேலை கேட்டு வருகிறவர்களிடம் மதிப்பெண் பட்டியலுக்கு முன் நான் கேட்பது அந்த இரண்டு பக்கத்தைத்தான்.