மணி இல்லாமல் மணியோசை: டிஎக்ஸ்7 போட்ட கணக்கு

"கீபோர்டில் ஒரே கட்டையைத்தான் அழுத்துகிறோம். பொத்தானை மாற்றினால் குழல், மணி, ட்ரம்பெட் என்று ஓசை மாறுகிறதே, அத்தனையையும் உள்ளே பதிவு செய்தா வைத்திருக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இன்றைய கீபோர்டுகள் பலவற்றில் ஆமாம், பதிவுதான். சாம்ப்ளிங் என்பார்கள். ஆனால் 1983-இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 என்ற கீபோர்டில் ஒரு ஓசைகூடப் பதிவாகி இருக்கவில்லை. கட்டையை அழுத்தும் கணத்தில் கணக்குப் போட்டே எல்லா ஓசையையும் அது உண்டாக்கியது. அந்தக் கணக்கு அவ்வளவு அழகானது என்பதால் அதை மட்டுமே சொல்கிறேன்.

ஒரு கருவியின் சுரத்தில் அடிப்படை அதிர்வெண்ணோடு, அதன் மடங்குகளான மேற்சுரங்களும் கலந்திருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை வைத்தே வீணை எது, குழல் எது என்று காது பிரித்தறிகிறது. மேற்சுரத்துக்கு ஒன்றாக சைன் அலைகளை (ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய அலைகளை) கூட்டிக்கொண்டே போனால் எந்த ஓசையையும் செய்துவிடலாம். ஆனால் ஒரு சுரத்துக்கே பல பத்து அலைகள் வேண்டும், ஒவ்வொன்றும் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லவும் வேண்டும்.

1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர், செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் கணினியில் ஒரு சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் கமகத்தில் கம்பிதம் செய்வதுபோல, சுரத்தின் அதிர்வெண்ணை மேலும் கீழுமாக ஆட்டுவது. 400 ஹெர்ட்ஸ் அலையை நொடிக்கு ஐந்து முறை ஆட்டினால் அசைவு தெளிவாகக் கேட்கும். ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நொடிக்கு இருபது முப்பது தடவையைத் தாண்டியதும் காதால் அசைவைப் பின்தொடர முடியாது. அசைவு மறைந்து, சுரத்தின் நிறமே மாறிவிடும்.

400 ஹெர்ட்ஸ் அலையை இன்னொரு 100 ஹெர்ட்ஸ் அலை ஆட்டுகிறது என்று வையுங்கள். 400-க்கு இரு பக்கமும் நூறு நூறாகத் தள்ளி 500, 600, 700 என்றும் 300, 200, 100 என்றும் புது அதிர்வெண்கள் முளைக்கும். எல்லாம் 100-இன் மடங்குகள் என்பதால் காது அவற்றை ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்கும். எவ்வளவு ஆழமாக ஆட்டுகிறோமோ, அதாவது அதிர்வெண்ணை எவ்வளவு தூரம் மேலும் கீழும் தள்ளுகிறோமோ, அவ்வளவு மேற்சுரங்கள் வலுப்பெறும். அதாவது ஆழம் என்ற ஒரே எண்ணை ஏற்றி இறக்கினால் மேற்சுரக் கூட்டம் முழுவதும் விரிந்து சுருங்கும். இரண்டே அலைகளில் இது நடக்கிறது! ட்ரம்பெட்டை ஓங்கி ஊதினால் ஓசை பெரிதாவது மட்டுமல்ல, கூர்மையும் ஆகிறது. ஒலி அளவோடு ஆழத்தையும் ஏற்றினால் அதுவும் வந்துவிடுகிறது. எஃப்.எம். வானொலியிலும் இதே அதிர்வெண் பண்பேற்றம்தான். இங்கே இரண்டு அலைகளும் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருக்கின்றன.

இனி மணி. 200 ஹெர்ட்ஸ் அலையை 280-ஆல் ஆட்டுங்கள். மேலே 480, 760, 1040 வரும். கீழே 200-இலிருந்து 280 போனால் எண் எதிர்மறையாகிவிடும். அது 80 ஹெர்ட்ஸாகத் திரும்பி ஒலிக்கும். அப்புறம் 360, 640. கூர்ந்து பார்த்தால் எல்லாம் 40-இன் மடங்குகள்தாம். ஆனால் நடுவில் பல மடங்குகள் விட்டுப்போனதால் காதால் ஒரே சுரமாகக் கோக்க முடிவதில்லை. உலோகத்தைத் தட்டிய ஓசையாகவே கேட்கிறது. ஆழத்தைப் பெரிதாகத் தொடங்கி மெல்லக் குறைத்தால், நிஜ மணியைப் போலவே முதலில் கணகணப்பு அடங்கி, ரீங்காரம் மட்டும் நீளும்.

கோயில் மணியோசை ஏழு நொடி நீடித்து மூளையின் இரு பாதிகளையும் இணைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. மணியின் உண்மையான இயற்பியலே இவ்வளவு சுவையாக இருக்கும்போது அந்தக் கட்டுக்கதை எதற்கு?

சௌனிங்கின் ஆய்வுக் கட்டுரை 1973-இல் வந்தது. அமெரிக்காவில் ஆர்கன் என்ற கீபோர்டு வகை இசைக்கருவியைச் செய்யும் நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. ஸ்டான்ஃபோர்டும் அவருக்கு நிரந்தரப் பதவி தர மறுத்தது. 1975-இல் யமஹா உரிமம் வாங்கிய பிறகு பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்த முறைக்கான காப்புரிமையால் பின்னாளில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது இரண்டு கோடி டாலருக்கும் மேல். "இதனால் என்ன பயன்?" என்று முதல் வருடமே கேட்கும் நிதிக்குழுக்கள் இதைப் படிக்க வேண்டும். ஓர் இசையமைப்பாளரை இரவில் கணினியோடு விளையாட விட்டதில் விளைந்தது இது.

டிஎக்ஸ்7-இல் ஒரு சுரத்துக்கு ஆறு அலையாக்கிகள். எது எதை ஆட்டுவது என்பதற்கு 32 அமைப்புகள். ஒரே நேரத்தில் 16 சுரங்கள் ஒலிக்கும். புது ஓசை உருவாக்குவது சிரமம் என்பதால் பலரும் அதில் வந்த ஓசைகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் மேற்கத்திய மெல்லிசைப் பாடல்களில் அதன் எலெக்ட்ரிக் பியானோ அடிக்கடி கேட்கும். இதே கணக்கு சிறிய சில்லுகளாகி கணினியில் ஒலி எழுப்பும் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கும், சேகா வீடியோ விளையாட்டுப் பெட்டிக்கும், பழைய கைப்பேசிகளின் ரிங்டோனுக்கும் போனது. டிஎக்ஸ்7-ஐ அப்படியே பின்பற்றும் இலவச மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன. இரண்டு அலையாக்கிகளை 1-க்கு 1.4 என்ற விகிதத்தில் வைத்து, ஆழத்தை மட்டும் மெதுவாக ஏற்றிக் கேட்டுப் பாருங்கள்.