முரானோ பூச்சாடியின் நிறத்துண்டுகள் ஏன் பிரிவதில்லை?

வெனிஸின் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவிலுள்ள 'லெ ஸ்தான்ஸே தெல் வேத்ரோ' என்னும் கண்ணாடிக் கலைக்கூடம், ஃபுல்வியோ பியான்கோனி என்ற ஓவியர் முரானோ தீவின் வெனினி கண்ணாடிப் பட்டறைக்காக வடிவமைத்த கலைப்பொருள்களை 2015-இல் காட்சிக்கு வைத்தது. அவற்றின் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கட்டங்கள் போட்ட பூச்சாடி ஒன்றைச் சுட்டி, "இத்துண்டுகளை எந்தப் பசையால் ஒட்டினார்கள்?" என்று கேட்டிருக்கிறார். பசை எதுவும் இல்லை.

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவான இவ்வகைக்கு 'பெட்ஸாட்டோ', அதாவது ஒட்டுப்போட்டது, என்று பெயர். வெவ்வேறு நிறக் கண்ணாடித் துண்டுகளைத் தீத்தாங்கும் தட்டில் நெருக்கமாக அடுக்கி, விளிம்புகள் இளகி ஒன்றையொன்று பற்றும்வரை உலையில் சூடாக்குவார்கள். பின்னர் அந்தத் தகட்டை ஊதுகுழலின் நுனியில் பாய்போல் சுருட்டி எடுத்து, அடியை மூடி, ஊதி வடிவம் கொடுப்பார்கள். கைத்திறன் வியப்புக்குரியதே, எனினும் உண்மையான சிக்கல், சாடி குளிரத் தொடங்கும்போதுதான் வருகிறது.

கண்ணாடியின் மூலப்பொருளான மணலில் இருப்பது சிலிக்கா. தூய சிலிக்காவை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால், அதனுடன் சோடாவை (சோடியம் கார்பனேட்டை) சேர்த்து உருகுநிலையைக் குறைக்கிறோம். சோடாவிலுள்ள சோடியம், சிலிக்காவின் இறுக்கமான பின்னலை ஆங்காங்கே அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த பின்னல் எளிதில் இளகுவதைப் போலவே, வெப்பத்தில் கூடுதலாக விரிந்து குளிரில் கூடுதலாகச் சுருங்கவும் செய்கிறது. சோடாக் கண்ணாடி, ஒரு டிகிரி குளிரும்போது தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 10 பங்கு சுருங்கும். தூய சிலிக்காவோ பத்து லட்சத்தில் அரைப் பங்கு மட்டுமே சுருங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் கலவை சற்று மாறுவதால், சுருங்கும் அளவும் மாறக்கூடும்.

அருகருகே உள்ள சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே பத்து லட்சத்தில் ஒரே ஒரு பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். 500 டிகிரிக்கு மேல் கண்ணாடி சற்றே நெகிழ்ந்து இழுவிசையைத் தளர்த்திக்கொள்ளும். அதற்குக் கீழே இறுகிவிடுவதால், அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் ஒரு நிறம் மற்றொன்றைச் சதுர சென்டிமீட்டருக்கு நூற்றைம்பது கிலோவுக்கும் மேலான விசையால் இழுக்கத் தொடங்கியிருக்கும். அமுக்கத்தைத் தாங்கும் கண்ணாடி இழுவிசையைத் தாங்காது. மேற்பரப்பின் நுண்கீறல்களே அதன் பலவீனம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கியது 1921-இல். வெனினி பட்டறை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயல் பொருத்தம்.

இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைப் பட்டறையில் எப்படிக் கண்டறிவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. இரு நிற உருகலையும் பக்கம்பக்கமாக ஒட்டி, இடுக்கியால் பற்றி நீண்ட இழையாக இழுக்கிறார்கள். இழை நேராகவே ஆறினால் இரண்டும் ஒத்துப்போகும். வளைந்தால், உள்வளைவில் இருப்பதே அதிகம் சுருங்கும் கண்ணாடி. இஸ்திரிப் பெட்டியிலுள்ள ஈருலோகப் பட்டை வளைவதும் இதே காரணத்தால்தான். அரை மீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இழையில், நான் சொன்ன வேறுபாட்டால் விளையும் நீள வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் இழையின் நடுப்பகுதி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகி நிற்கும். இழையை இன்னும் மெல்லியதாக இழுத்தால் வளைவு மேலும் கூடும். எந்தக் கருவியும் இல்லாமல், வேறுபாட்டைத் தொண்ணூறு மடங்கு பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது ஓர் இழை!

இச்சோதனையில் தவறிய நிறங்களைச் சேர்த்துச் செய்த சாடி, உலையருகே உடையாமல் தப்பினாலும், காற்றின் ஈரம் கீறலை மெல்ல வளர்க்க, சில நாள் கழித்து யாரும் தொடாமலேயே விரிசல்விடக்கூடும். அதைக் கண்ணேறு என்று சொல்லிப் பூசணிக்காய் உடைப்பவர்களிடம் எனக்கு வாதமில்லை. பூசணிக்காயைவிட இழை மலிவானது என்று மட்டும் சொல்வேன்.

கண்காட்சிகளின் விளக்க அட்டைகள் வடிவமைப்பாளரைக் கொண்டாடும் அளவுக்குக் கலவை தயாரித்தவரைக் கண்டுகொள்வதில்லை என்பது என் குறை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுத் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்து, அவற்றுக்கு இடையே இத்தகைய சாடி ஒன்றை நிறுத்தினால், நிறங்கள் கூடும் விளிம்புகளில் எஞ்சியிருக்கும் தகைவு, அதாவது உள்ளே தேங்கிய விசை, ஒளிக்கோடுகளாகத் தெரியும். எந்த அருங்காட்சியகமாவது அப்படி ஒன்றை வைத்தால், நான் முதலில் போய் நிற்பது அதன் முன்னால்தான்.