கலப்பினமா, ஒட்டா?

'கலப்பின டி செல் சிகிச்சை' என்று அச்சடித்த துண்டறிக்கையைப் பார்ப்பது எனக்கு இது மூன்றாம் முறை. இம்முறை அதைக் கையில் வைத்திருந்தவர் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு வந்திருந்த என் சித்தி. மகனுக்கு இரத்தப் புற்றுநோய். "ஏம்பா, கலப்பினம் என்று மாட்டைத்தானே சொல்வார்கள்? பிள்ளைக்கு எதனுடைய இரத்தத்தை ஏற்றப்போகிறார்கள்?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'கார் டி செல்' சிகிச்சை. 'கலப்பினம்' என்று பெயர்த்ததன் மூலச்சொல் 'கைமெரா'. கிரேக்கத்தில் பெண் வெள்ளாடு. புராணத்திலோ சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்ட விலங்கு. 'கைமெரிக் ஆன்டிஜன் ரிசெப்டர்' என்பதன் முதலெழுத்துகளே 'கார்'. கார் நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை. 'டி' தைமஸ் சுரப்பியைக் குறிப்பது; டி செல், நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளைச் செல்களில் ஒரு வகை.

கலப்பினக் கன்று இரண்டு இனங்கள் கூடிப் பிறப்பது. அதன் ஒவ்வொரு செல்லிலும் இரண்டின் மரபும் கலந்திருக்கும். இங்கே எது எதனோடு கூடியது? பெரும்பாலும் நோயாளியின் இரத்தத்திலிருந்தே டி செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் ஒரு மரபணுவை நுழைத்து, பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். அந்த மரபணுவால் செல்லின் மேல் ஓர் ஏற்பி, அதாவது 'ரிசெப்டர்', முளைக்கிறது. ஏற்பியின் வெளிமுனை எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடியின்) துண்டு; புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி19 போன்ற அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும். உள்முனை, டி செல்லைத் தாக்குதலுக்கு ஏவும் பகுதி. ஆக, கைமெரா என்பது ஏற்பிக்கு மட்டுமே உரிய அடை. அதைத் தூக்கிச் செல்லின் தலையில் வைத்தவருக்குத் தமிழும் தெரியவில்லை, உயிரியலும் தெரியவில்லை.

'யாளி ஏற்பி' என்கிறார் ஒரு நண்பர். எனக்கும் ஆசைதான், கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் நம் கைமெராக்கள் பாய்ந்துகொண்டுதானே இருக்கின்றன! ஆனால் சித்திக்கு அப்புறம் யாளியையும் விளக்க வேண்டும். 'ஒட்டேற்பி' என்பேன் நான். ஒட்டு மாங்கன்றில் வேர் ஒரு மரத்தினுடையது, கிளை இன்னொன்றினுடையது. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஆவதில்லை. இப்படிச் சொன்னதும் சித்தி, "அப்படியானால் செல் அவனுடையதுதானே?" என்றார். துண்டறிக்கை சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்கா முதல் அனுமதி தந்தது 2017இல். மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உழைத்த நெக்ஸ்கார்19 என்ற கார் டி செல் சிகிச்சை, 2023இல் இங்கே அனுமதி பெற்றது. சொல்லைத் தேட நமக்கு அவகாசம் இல்லாமலா போயிற்று?

'செல்' எதற்கு, 'உயிரணு' இருக்கிறதே என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள். வரட்டும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் 'அணுவை மாற்றி ஏற்றுவோம்' என்று அவர்களே ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.