ரிசேர்ச்கேட்டில் எந்தப் பிரதியை ஏற்றுவது?

பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்கிறவர்களில் பலர், கட்டுரை வெளியானதும் சஞ்சிகையின் பிடிஎஃப்பை அப்படியே, ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் தளமான ரிசேர்ச்கேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். வில்லங்கம் அங்கேதான். சந்தா சஞ்சிகைகளில் பெரும்பாலும் அந்தப் பிரதியின் உரிமை பதிப்பகத்துக்குப் போய்விடும். எழுதியவரே ஆனாலும் பொதுவில் வைக்க முடியாது. எல்செவியர் பதிப்பகமும் அமெரிக்க இரசாயனச் சங்கமும் 2017இல் ரிசேர்ச்கேட்மீது தொடுத்த வழக்கு 2023இல்தான் இணக்கத்துக்கு வந்தது. இடையில் ஏராளமான கட்டுரைகள் தளத்திலிருந்து நீக்கப்பட்டன.

நடுவர்களின் திருத்தங்களைச் செய்து, சஞ்சிகை ஏற்றுக்கொண்ட கடைசி வேர்ட் கோப்பை அழிக்காதீர்கள். பல பதிப்பகங்கள் பகிர விடுவது அதைத்தான். அதுவும் சிலவற்றில் 12 அல்லது 24 மாதம் கழித்து. பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க அனுமதித்து, ரிசேர்ச்கேட், அக்கடமியா போன்ற வணிகத் தளங்களில் மறுப்பவையும் உண்டு. ஓப்பன் பொலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) என்ற இணையத்தளத்தில் சஞ்சிகையின் பெயரைக் கொடுத்தால் விதி தெரிந்துவிடும். யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் சிசி-பை (CC BY) உரிமத்தில் வந்த கட்டுரைக்கு இந்தத் தடை இல்லை; மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் பாமினி என்ற பழைய எழுத்துரு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். தேயிலைத் தொழிலாளர் சம்பளம் பற்றி எவ்வளவு உழைத்து எழுதியிருந்தாலும், 'தேயிலை' என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது. பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குவியலாக வந்தால், மூலக் கோப்பை யுனிகோடுக்கு மாற்றித்தான் மறுபடி பிடிஎஃப் எடுக்க வேண்டும். உசாத்துணைப் பட்டியலை அதற்கு முன்பே தனியே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து மாறி உருக்குலையும். மாற்றியபின் கொம்புள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். படமாக ஸ்கேன் செய்த பக்கங்களும் தேடலில் சிக்காது. கோப்பு 5 எம்பிக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலர் சேர்ப்பதில்லை.

தகப்பன் பெயர் ஒரு கட்டுரையில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுதாகவும் வந்தால், மேற்கோள்கள் இரண்டு ஆட்களுக்குப் பிரிந்துவிடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் தரும் ஓர்கிட்டின் (ORCID) 16 இலக்க எண்ணை இலவசமாகப் பெற்று, எல்லாக் கட்டுரைகளிலும் கொடுங்கள்.

தோட்டங்களில் எடுத்த நேர்காணல்களைப் பின்னிணைப்பாக ஏற்றுவதில் மிகுந்த கவனம் வேண்டும். பேசியவரின் பெயரை மறைத்தாலும், டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரும் லய (வரிசை வீட்டு) இலக்கமும் வயதும் சேர்ந்தால் தோட்டத்தில் எவருக்கும் ஆள் தெரிந்துவிடும். பிறகு நீக்கினாலும் மற்றவர்கள் இறக்கிவைத்த பிரதி போகாது. ஏற்றுமுன்பே பின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள்.