தாத்தாவின் ரைஃபிளைத் துலக்கிக் கொண்டுவராதீர்கள்

போன தை மாதம் எங்கள் கடைக்கு ஒரு தம்பி வந்தார். அவருடைய அப்பா காலமாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சாக்குத் துணியைப் பிரித்து அவர் மேசையில் வைத்த ரைஃபிள், டியூப்லைட் வெளிச்சத்தில் புதுப் பாத்திரம் போல மின்னியது.

"பழசுங்கண்ணா, தாத்தா காலத்து பி.எஸ்.ஏ. துருவும் கறையுமா கிடந்துச்சு. விக்கறதுக்கு முன்னாடி பஃபிங் போட்டுட்டுக் கொண்டாந்தேன். நல்ல விலை போகுமுங்களா?"

எனக்குச் சட்டென்று பேச வரவில்லை. குத்துவிளக்குக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் கொடுத்து முக்கால் மணி நேரத்தில் முடித்திருக்கிறார்கள். எழுபது எண்பது வருடம் அந்த இரும்பின் மேல் இருந்த, தொழிற்சாலையில் ஏற்றிய கறுப்பு முழுவதும் போய்விட்டது. பாடியின், அதாவது பொறி இருக்கும் இரும்புக் கூட்டின், பக்கத்தில் மூன்று துப்பாக்கிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியது போன்ற கம்பெனி முத்திரை இருந்த இடத்தில் ஒரு மங்கலான திட்டுதான் மிச்சம். அதைவிட மோசம், வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 3-ஆ 8-ஆ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் எண் தெளிவாக இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்புக் கடையில் இருபத்தேழு வருடமாக வேலை செய்கிறேன். இப்படித் துலக்கப்பட்டு வந்த ரைஃபிள்களை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பழைய பொருளை விற்கும் முன் சுத்தம் செய்ய வேண்டும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். போட்டியில் குறி பார்த்துச் சுடும் பழைய டார்கெட் ரைஃபிள் விஷயத்தில் அந்தப் பழக்கம் கையைச் சுட்டுவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த ரைஃபிள் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.ஏ. என்றதும் நமக்கு சைக்கிள்தான் நினைவுக்கு வரும். பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து 1861-ல் தொடங்கிய ஆயுத நிறுவனம் அது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் குறி பார்க்கும் திறன் எவ்வளவு குறைவு என்று தெரிந்ததும், ஊருக்கு ஊர் சின்ன ரைஃபிள் கிளப்புகள் வேண்டும் என்று லார்ட் ராபர்ட்ஸ் பிரசாரம் செய்தார். 1881 முதல் 1885 வரை நம் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்தவர் அவர். அந்தக் கிளப்புகளுக்காகச் செய்யப்பட்டவைதான் .22 (அதாவது 0.22 அங்குலத் துளை) மார்ட்டினி டார்கெட் ரைஃபிள்கள். 12 என்ற மாடல், அப்புறம் 12/15, பிறகு 1950-ல் தொடங்கி 1953, 1959 என்று திருத்தித் திருத்தி வந்த மார்ட்டினி இன்டர்நேஷனல். இன்டர்நேஷனலின் கனமான வகை 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கு மேல். சின்னப் பையன்களால் தூக்கிப் பிடிக்க முடியாது.

மார்ட்டினி என்பது இதன் பொறியின் பெயர். கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் உள்ளே ஒரு கட்டி சாய்ந்து அறை திறக்கும், ஒற்றைத் தோட்டா போடலாம். ஒரு பின்னைத் தட்டி எடுத்தால் உள்ளே இருக்கும் பொறி முழுவதும் ஒரே கட்டாகக் கையில் வந்துவிடும். அந்த வேலைப்பாட்டை இன்று பார்த்தாலும் எனக்கு மனசு நிறையும்.

அதே மாதக் கடைசியில் குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை முறைப்படி லைசென்ஸ் மாற்றி அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன 12/15. பேரல் (குழல்) பழுப்பேறி, மரக் கட்டையில் புகையும் எண்ணெயும் படிந்து, பார்க்க அழுக்காக இருந்தது. டீச்சருக்கே வெட்கம். "துடைக்கக்கூட இல்ல சார்" என்றார். "ரொம்ப நல்ல காரியம் செஞ்சீங்க டீச்சர்" என்றேன்.

அந்த ரைஃபிளை எப்படிப் பார்த்தேன் என்று சொன்னால், எதைத் தேடுகிறோம் என்பது உங்களுக்குப் புரியும்.

எந்தத் துப்பாக்கியானாலும் முதலில் நெம்புகோலை இறக்கி அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்வேன். அப்புறம் பாடியின் விளிம்புகளைத் தடவிப் பார்ப்பேன். தொழிற்சாலையில் தேய்த்து முடித்த விளிம்பு கத்தி போல நேராக இருக்கும். திரும்பக் கறுப்பு ஏற்றுவதற்காக உப்புத்தாளோ பஃபிங் சக்கரமோ பட்டிருந்தால் விளிம்பு சோப்புக் கட்டி போல மழுங்கிவிடும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிலும் சின்னக் குழி விழும். பொறித்த எழுத்துகளின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் கரைந்தும் இருக்கும். இந்த மூன்றையும் எவ்வளவு நல்ல கறுப்பு ஏற்றினாலும் மறைக்க முடியாது. டீச்சர் கொண்டுவந்ததில் விளிம்பு நேராக இருந்தது, ஸ்க்ரூக்களின் காடி கூடச் சிதையவில்லை.

கட்டையும் இரும்பும் சேரும் இடம் அடுத்தது. புதிதாக வந்தபோது வால்நட் மரம் இரும்பைவிட மயிரிழை மேலே நிற்கும். மரம் இரும்பைவிடத் தாழ்ந்து கிடந்தால் யாரோ இழைத்து வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மலையில் எஸ்டேட் ஆசாரிகள் ஈட்டி மரத்தில் புதுக் கட்டை செய்து போட்டதும் உண்டு. அழகான வேலைதான், எடையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அது பி.எஸ்.ஏ. கட்டை கிடையாது, விலையும் அதற்கு ஏற்றபடிதான்.

பிறகு முத்திரைகள். இங்கிலாந்தில் விற்ற ஒவ்வொரு பேரலும் சோதனைக் கூடத்தில் அதிக வெடிமருந்து போட்டுச் சுடப்பட்டு முத்திரை வாங்க வேண்டும். பர்மிங்ஹாம் கூடத்தில் 1904 முதல் கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் வந்தன. 1954-ல் விதி மாறி, கிரீடத்தின் கீழ் பி.என்.பி. வந்தது. சரி, இது எதற்கு உதவும்? இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய மாடல் என்று சொல்லி விற்கும் ரைஃபிளின் பேரலில் பி.என்.பி. இருந்தால், பேரல் மாறியிருக்கிறது, அல்லது உள்ளே வேலை நடந்து மறுபடி சோதனைக்குப் போயிருக்கிறது. பேரலைத் துலக்கும்போது முதலில் அழிவது இந்தச் சின்ன எழுத்துகள்தான்.

பாடியில் ஒரு கங்காருவும் ஆஸ்திரேலிய காமன்வெல்த் என்ற எழுத்தும் இருந்தால் அது பிறக்கும்போது டார்கெட் ரைஃபிளே இல்லை. ஆஸ்திரேலியப் பள்ளி மாணவர் படைக்காக .310 அளவில் பி.எஸ்.ஏ.வும் கிரீனர் என்ற கம்பெனியும் செய்து கொடுத்த கேடட் ரைஃபிள் அது. பிற்பாடு மலிவாக விற்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் .22-க்கும் வேறு அளவுகளுக்கும் மாற்றப்பட்டன. நன்றாகவே சுடும். ஆனால் அசல் டார்கெட் மாடல் என்று சொல்லி அந்த விலையைக் கேட்டால் அது ஏமாற்று வேலை.

பேரலின் வாயை லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது, துளையைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்டக் கோடு தெரிந்தால் பேரல் உள்ளே துளைக்கப்பட்டுப் புதுக் குழாய் செருகப்பட்டிருக்கிறது. பார்க்கர்-ஹேல் நிறுவனம் இதைத் தொழிலாகவே செய்து, பேரலில் தன் பெயரையும் பொறித்தது. இதைக் குறை என்று சொல்லி விலையைப் பாதியாக்கும் வியாபாரிகளை நான் ஏற்றுக்கொள்வதில்லை. டார்கெட் ரைஃபிள் வேலை செய்வதற்காக வாங்கிய கருவி. சுட்டுச் சுட்டுத் தேய்ந்த பேரலை நல்ல கம்பெனியிடம் கொடுத்துச் சரிசெய்தவர் அதை நேசித்தவர். குறி பார்க்கும் தொலைநோக்கி மாட்ட ஒரு துளை, கன்னம் வைக்க ஒரு தோல் துண்டு, தோளுக்கு ஏற்றபடி பின்தகட்டின் கீழ் ஒரு மரச் சில்லு, இதெல்லாம் ஒரு போட்டியாளரின் கைத்தடம். சேகரிப்பாளர் விலை கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் இதையும் பஃபிங் சக்கரத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மார்ட்டினிக்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. பின்பக்கம் அடைத்திருக்கும் மார்ட்டினிகளில் சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமாகத்தான் விட வேண்டும். வருடக்கணக்கில் கம்பி உரசினால் வாய் நீள்வட்டமாகத் தேயும். குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அது, அங்கே தேய்ந்தால் குறி சிதறும். உள்ளே பார்க்கும்போது குண்டைச் சுழல வைக்கும் ரைஃப்ளிங் வரிகள் மங்கி, பொட்டுப் பொட்டாகக் குழி இருந்தால் அது பழைய தோட்டாக்களின் பிரைமர், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள், விட்டுப்போகும் உப்பு செய்த வேலை. துருப்பிடிக்க வைக்காத பிரைமர் 1920-களின் பிற்பகுதியில்தான் சந்தையில் பரவலாக வந்தது. பேரலை வெளிச்சத்தில் உருட்டும்போது உள்ளே ஓர் இடத்தில் இருண்ட வளையம் தெரிந்தால், மாட்டிக்கொண்ட குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டதால் பேரல் உப்பியிருக்கிறது. அந்த ரைஃபிளை வாங்காதீர்கள்.

இனி விலை. விலை சொல்லச் சொல்லி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறவர்களிடம் நான் சொல்வதில்லை. கையில் எடுக்காமல் சொல்லும் விலை பொய். இந்த மார்ட்டினிகள் பிறந்த பிரிட்டனிலேயே இன்று சாதாரண 12/15-க்குப் பெரிய விலை கிடையாது. அங்கே நிறைய இருக்கின்றன, உரிமம் வைத்திருப்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் வின்செஸ்டர் 52 என்ற .22 டார்கெட் ரைஃபிள் வேறு கதை. 1920 முதல் 1980 வரை வந்த அந்த மாடலில் ஸ்போர்ட்டர் என்ற மெல்லிய வகை அரிது, விலையும் அதிகம். அதனாலேயே சாதாரண டார்கெட் ரைஃபிளை வெட்டிச் செதுக்கி ஸ்போர்ட்டர் என்று விற்றிருக்கிறார்கள். நம் ஊரில் வாங்குபவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்தாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே வாங்கும் கூட்டம் சின்னது. "ஆன்டிக், கோடிக்குப் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"நூறு வருஷத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பதும் தவறு. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்குத்தான் 1959 ஆயுதச் சட்டத்தில் விலக்கு. .22 தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. சுடக்கூடிய ரைஃபிளுக்கு வயது கணக்கே இல்லை. லைசென்ஸ்தாரர் காலமானால் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், 21-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. விற்பதா, பெயர் மாற்றுவதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

8-ஆம் பிரிவையும் சொல்ல வேண்டும். துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். பஃபிங் போட்ட தம்பிக்கு இதைச் சொன்னபோது முகம் வெளிறிவிட்டது. லைசென்ஸ் இல்லாத பட்டறையில் கொடுத்ததே தப்பு என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எண் அழிந்திருப்பதை அதிகாரிகளிடம் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லி, வக்கீலையும் பார்க்கச் சொன்னேன். அந்த ரைஃபிளுக்கு இன்றைக்கு விலை பேச முடியாது. பேரலின் உள்பக்கமோ அவ்வளவு சுத்தமாக இருந்தது, நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

டீச்சரின் ரைஃபிளில் எண் லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப்போனது. வாய் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மற்றபடி எல்லாம் அசல். ஒரே குறை, முன்பக்கக் குறிக்குழாய் காலியாக இருந்தது. வெளிச்சத்துக்கு ஏற்றபடி மாற்றிப் போடும் சின்ன வளையத் தகடுகள் அதற்குள் இருக்க வேண்டும். பின்பக்கப் பார்க்கர்-ஹேல் குறியும் இந்தத் தகடுகளும் சேர்ந்திருந்தால்தான் செட் முழுமை. பல வீடுகளில் இவை தனியே பிரிந்து தொலைந்துவிடும். தையல் டப்பா, டூல்ஸ் பெட்டி, மேசை டிராயர் எல்லாம் தேடிப் பார்க்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் ஒரு நூல்கண்டு டப்பாவோடு வந்தார். பித்தான்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவில் ஆறு தகடுகள். சின்ன வயதில் அவற்றைப் பொம்மைக்கு நகையாகப் போட்டு விளையாடியிருக்கிறார். ஒன்றில் சிவப்பு நூல் இன்னும் கோத்தபடியே இருந்தது. அதை அவிழ்க்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.