யுன்: பர்மியப் பிசின்மெருகு

மியான்மரின் பகான் நகரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், அங்கே விற்கும் கறுப்பும் சிவப்புமான கிண்ணங்களை 'அரக்குப் பாத்திரம்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கிண்ணத்தில் துளி அரக்கும் இல்லை. பர்மியர் அதற்குச் சொல்லும் பெயர் யுன்.

பர்மாவின் மரபுக் கலைகள் பத்து என்பது வழக்கு. 'பன் செ மியோ' என்பார்கள். பன் என்றால் பூ, செ என்றால் பத்து, மியோ என்றால் வகை. கொல்லு வேலை, தட்டார் வேலை, வார்ப்பு, சுதை, கொத்து, மரச்சிற்பம், கல்சிற்பம், கடைசல், ஓவியம் ஆகியவற்றோடு பத்தாவதாக நிற்பது பன்யுன். வட தாய்லாந்தின் சியாங்மாய்ப் பகுதி மக்களையும் பர்மியர் யுன் என்றே அழைத்தார்கள். 1558இல் பர்மிய மன்னன் பயின்னவுங் சியாங்மாயைப் பிடித்தபின் அங்கிருந்து வந்த கைவினைஞர்களால் இந்தப் பெயர் நிலைத்தது என்பது பரவலான கருத்து.

குழப்பத்தின் வேர் ஆங்கில வழி வந்த 'லாக்கர்' என்ற சொல். வடமொழி லாக்ஷா, இந்தி லாக் என்று தொடங்கி, போர்த்துகீசியர் வாய்வழியே ஐரோப்பாவுக்குப் போனது அது. லாக்ஷா என்பது நம் அரக்கேதான்: மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது, சூடு பட்டால் இளகுவது, முத்திரை வைக்க உதவுவது. அம்பாசமுத்திரம் மரச்செப்புச் சாமான்களில் கடைசல் இயந்திரத்தின் சூட்டிலேயே வண்ணம் ஏற்றுகிறார்களே, அது அசல் அரக்கு வேலை. கீழை நாடுகளின் பளபளப்பான பூச்சைக் கண்ட ஐரோப்பியர் அதற்கும் இந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். நாமும் அதைத் திரும்பத் தமிழாக்கி 'அரக்கு' என்கிறோம். பர்மாவிலும் அரக்குப் பூச்சி உண்டு. பர்மியர் அதை வேறு பெயரால்தான் அழைக்கிறார்கள்.

யுன்னுக்கு மூலப்பொருள் தித்சி. 'தித்' மரம், 'சி' பிசின். காட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிப்பது. மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. நம் சேராங்கொட்டையும் அதே குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், துணியில் பட்டால் அழியாத கறை விழும். தித்சிக்கும் அதே குணம். வெளிறிய நிறத்தில் வடிந்து, காற்றுப் பட்டதும் கறுக்கும். அது இறுகுவதற்கு வேண்டியது வெயில் அல்ல, ஈரக்காற்று. அதனால்தான் பூசிய கலங்களை நிலவறையில் அடுக்கி வைக்கிறார்கள்.

பகானை ஒட்டிய மியின்கபா கிராமத்தில் இந்த வேலையைப் பார்க்கலாம். மூங்கிலை நூல்போலச் சீவி வளைத்துக் கூடு கட்டுவார்கள். உயர்ந்த ரகமானால் மூங்கிலோடு குதிரைமயிர் சேர்த்துப் பின்னுவார்கள். முடிந்த கிண்ணத்தின் வாய் விளிம்பை இருபுறமும் அழுத்தினால் ஒன்றோடொன்று தொடும், விரிசல் விடாது. கூட்டின் மேல் சாம்பல் பிசைந்த தித்சியைக் கையாலேயே தடவி, நிலவறையில் ஆறப்போட்டு, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். பிறகு எழுத்தாணியால் கோடு கீறி ஒரு நிறத்தை நிரப்பி, மேலே படிந்ததைத் தேய்த்து நீக்கிவிட்டு, அடுத்த நிறத்துக்கு மறுபடி கீறுவார்கள். நல்ல கலம் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். விலை பேசும்போது இது நினைவிருக்க வேண்டும்.

இந்த உழைப்பின் பெரும்பகுதி பௌத்த மடத்துக்குப் போயிருக்கிறது. கோபுர முடி வைத்த 'சுன் ஓக்' என்ற மூடிக்கலத்தில்தான் துறவியருக்கு உணவு எடுத்துச் செல்வார்கள். துறவறம் ஏற்கும் சடங்கில் ஓதும் கம்மவாசா ஏடுகளுக்கு, உடுத்திக் கழித்த துவராடையில் தித்சி பூசி விறைப்பாக்கி, தங்கத்தகடு ஒட்டி, தடித்த கறுப்பு எழுத்தில் எழுதினார்கள். அந்த எழுத்துக்குப் பர்மியர் வைத்த பெயர் புளியங்கொட்டை எழுத்து! நாட்டார் நம்பிக்கையும் கலங்களில் ஏறியிருக்கிறது. பர்மியச் சோதிடத்தில் வாரத்துக்கு எட்டுப் பிரிவு. புதன்கிழமை நண்பகலுக்குப் பின் ராகுவுக்கு உரியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு. திங்களுக்குப் புலி, சனிக்கு நாகம், ராகுவுக்குத் தந்தமில்லா யானை என இந்த எட்டையும் கிண்ணத்தைச் சுற்றி வரைவது பழகிய கோலம்.

தமிழில் என்ன சொல்லலாம்? தித்சி என்பதன் நேர்ப்பொருளே மரப்பிசின்தான். எனவே பூச்சைப் 'பிசின்மெருகு' என்றும், பொருளைப் 'பிசின்மெருகுக் கலம்' என்றும் சொன்னால் பொருள் பிசகாது. கலையின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். யுன் என்றே எழுதலாம். துறவியரின் மெருகிட்ட பிச்சைப் பாத்திரத்துக்குப் புதுச்சொல் தேடவும் வேண்டாம். மணிமேகலையில் 'கடிஞை' இருக்கிறது. அரக்கு என்ற சொல் அம்பாசமுத்திரத்துச் செப்புக்கும் முத்திரைக்கும் உரியதாக இருக்கட்டும்.